கடைமடை தலைமடையான கதை

காவிரியும் கம்பியும் – 11

சென்ற இதழில் மேட்டூரில் நின்றோம். 1934-ல் ஸ்டான்லி அணை கட்டி முடிந்ததையும், 1937-ல் அதன் அடிவாரத்தில் மின்நிலையம் ஓடத் தொடங்கியதையும், 10 மெகாவாட் எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நான்கானதையும் பார்த்தோம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களை நோக்கிக் கம்பி புறப்பட்டது வரை சொல்லி முடித்திருந்தேன். இந்த இதழில் ஆற்றின் மறுமுனைக்குப் போகிறோம்.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். கிழக்கே வங்கக் கடல், கரையோரம் பட்டினச்சேரி மீனவர் குடியிருப்பு, பக்கத்திலேயே கடலைத் தேடி வரும் திருமலைராஜன் ஆறு. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் காளமேகப் புலவரால் தெரியும். 15-ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவையில் புலவர்கள் அவரை மடக்கப் பார்த்ததும், அவர் ஊர்மேல் அறம் பாடியதும் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிரெஞ்சுக்காரர்களின் ஆவணங்களில் இதே ஊருக்கு கிராண்ட் அல்தே என்று பெயர். 1880-ல் பிரெஞ்சிந்தியாவில் முதன்முதலாக நகரசபைகள் ஏற்படுத்தப்பட்டபோது காரைக்கால் பகுதிக்குக் கிடைத்த மூன்றில் ஒன்று இந்த கிராண்ட் அல்தே. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்.

டெல்டாக்காரர்களிடம் கடைமடை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, ஒவ்வொரு மதகிலும் குறைந்து, கடைசியாக வந்து சேரும் வயல்தான் கடைமடை. காரைக்கால் பகுதி முழுக்கவே காவிரியின் கடைமடைதான். நான் சொல்ல வருவது, இதே வட்டாரம் மின்சாரத்துக்கும் கடைமடையாக இருந்தது என்பதை. தண்ணீருக்குக் கரை உடைப்பு, ஆக்கிரமிப்பு, மாநிலப் பூசல் என்று நூறு காரணம் உண்டு. மின்சாரம் வழியில் குறைவதற்கு இயற்கை ஒரே ஒரு காரணம்தான் வைத்திருக்கிறது, அதை ஒரு வகுத்தலிலும் இரண்டு பெருக்கலிலும் சொல்லிவிடலாம். இந்தக் கடற்கரையின் மின்வரலாற்றை அந்தக் கணக்கு இல்லாமல் எழுதினால் தேதிப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் இந்த அத்தியாயத்தில் கணக்கு வரும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் ஜெர்மனி. கொலோன் நகரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் கேயோர்க் சீமோன் ஓம், 1789-ல் எர்லாங்கனில் பிறந்தவர். கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எந்த அளவில் குறைகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. 1825-ல் வோல்டா அடுக்கை வைத்துப் பார்த்தார். அது அந்தக் காலத்து பாட்டரி. இணைத்த நிமிஷத்தில் ஒரு அளவு காட்டும், அடுத்த நிமிஷம் இறங்கிவிடும். முடிவு சரியாக வரவில்லை. அவர் கட்டுரை அனுப்பிய இதழின் ஆசிரியர் பொக்கென்டார்ஃப், சீபெக் கண்டுபிடித்திருந்த வெப்பமின்சாரத்தைப் பயன்படுத்திப் பாருங்கள், அது நிலையாக இருக்கும் என்று யோசனை சொன்னார். அறிவியல் வரலாற்றில் ஒரு பத்திரிகை ஆசிரியர் செய்த பெரிய உதவிகளில் ஒன்று அது.

1826 ஜனவரியில் ஓம் அமைத்த கருவி இப்படி. பிஸ்மத் உலோகத்தில் ஒரு சட்டம், இரண்டு முனையிலும் செம்புப் பட்டை. ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை உருகும் பனிக்கட்டியில். வெப்பநிலை வித்தியாசம் மாறாததால் மின்னழுத்தமும் மாறாது. செம்புப் பட்டைகளின் நுனி பாதரசக் கிண்ணங்களில் இறங்கும், அந்தக் கிண்ணங்களுக்கு நடுவேதான் சோதனைக்கான கம்பியைப் பொருத்துவார். மேலே தட்டையான தங்க இழையில் ஒரு காந்த ஊசி தொங்கும். மின்சாரம் ஓடினால் ஊசி விலகும். விலகிய ஊசியை இழையை முறுக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, எவ்வளவு முறுக்கினோம் என்று குறித்துக்கொள்வார். அதுதான் மின்னோட்டத்தின் அளவு.

ஒரே தடிமனில் எட்டுச் செம்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 2 அங்குலக் கம்பிக்கு 326¾ என்று வந்தது. 10 அங்குலத்துக்கு 238¼. 34 அங்குலத்துக்கு 134½. 130 அங்குலத்துக்கு 48½. இந்த எண்களை வைத்து அவர் கண்டுபிடித்த சூத்திரம்: 7285-ஐ, நீளத்தோடு 20¼ சேர்த்து வரும் தொகையால் வகுக்க வேண்டும். வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். 130-க்கு 7285 ÷ 150.25, விடை 48.5. அச்சு அசலாக வருகிறது. 34-க்கு 134.3. 10-க்கு மட்டும் 240.8, அதாவது இரண்டரை வித்தியாசம். கொதிநீரும் பனிக்கட்டியும் தங்க இழையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இந்த அளவு நெருங்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. 7285 என்பது இன்றைய மொழியில் மின்னழுத்தம். 20¼ என்பது கருவிக்குள்ளேயே இருக்கும் தடை. கம்பியின் நீளம் வெளியே இருக்கும் தடை. மின்னழுத்தத்தை மொத்தத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். பள்ளிக்கூடத்தில் முக்கோணம் போட்டு மனப்பாடம் செய்கிறோமே, அந்த ஓம் விதி பிறந்த இடம் இந்த எட்டுக் கம்பிகள். நம் பாடநூல்களில் முக்கோணத்துக்குப் பதிலாக இந்த எட்டு எண்களை அச்சடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஓமுக்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கிலாந்தில் கேவண்டிஷ் இதே உண்மையைத் தொட்டிருந்தார். அவரிடம் மீட்டர் கிடையாது. தன் உடம்பிலேயே ஷாக் வாங்கி, அது விரலோடு நின்றதா, மணிக்கட்டு வரை ஏறியதா, முழங்கை வரை ஏறியதா என்று வைத்து மின்னோட்டத்தை மதிப்பிட்டார். ஆனால் அதை வெளியிடவில்லை. 1879-ல் மாக்ஸ்வெல் அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1827-ல் ஓம் புத்தகமாக எழுதினார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. கொலோன் வேலையையும் விட்டு விலகினார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் அவர் அருமை ஊரில் தெரிந்தது. அதே ஆண்டில், சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் தொழில் செய்த குடும்பத்துப் பையன் ஒருவர், வயது 22, இன்னொரு கட்டுரை வெளியிட்டார். ஜேம்ஸ் ஜூல். கண்ணாடிக் குழாயில் கம்பியைச் சுற்றி, தண்ணீரில் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் சூடு இரண்டு மடங்கு ஆகவில்லை, நான்கு மடங்கு ஆயிற்று. மூன்று மடங்காக்கினால் ஒன்பது. கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் வருவது. இந்தத் தொடரின் மீதி முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான அளவுகள் பாரிஸில் பிறந்தன. கிராண்ட் அல்தேவுக்கு நகரசபை வந்த அடுத்த ஆண்டு, 1881-ல், அதே பிரான்ஸின் தலைநகரத்தில் உலக மின்சார மாநாடு கூடியது. ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்க்காஃப், வில்லியம் தாம்சன் எல்லாரும் வந்திருந்தார்கள். வோல்ட், ஓம், ஆம்பியர் என்ற பெயர்களை உலகத்துக்கே பொதுவாக அங்கேதான் முடிவு செய்தார்கள். ஓம் என்பதை எப்படிக் கையில் எடுத்துக் காட்டுவது? ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பாதரசக் கம்பத்தின் தடை என்று வைத்தார்கள். அதன் உயரம் எவ்வளவு என்பதில் சில ஆண்டு இழுபறி இருந்தது, 1893-ல் சிகாகோ மாநாட்டில் 106.3 சென்டிமீட்டர் என்று நின்றது. வாட் என்ற பெயரை 1882-ல் சீமென்ஸ் முன்மொழிந்தார். 1889-ல் மீண்டும் பாரிஸில் அதை ஏற்றார்கள்.

இனி கணக்கு. வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் திறன், அது வாட். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை, அது ஓம். வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் 1000 ÷ 230, அதாவது 4.35 ஆம்பியர். அதன் தடை 230 ÷ 4.35, ஏறக்குறைய 53 ஓம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் பையன்களும் தடுமாறும் இடம். பழைய 60 வாட் குண்டு பல்ப் 0.26 ஆம்பியர் இழுக்கும். வகுத்தால் 880 ஓம் சொச்சம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் தப்பில்லை. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒரு சாதனம் வேலை செய்யும்போது அதன் தடை என்ன என்று தெரிய வேண்டுமானால், ஓடுகிறபோதே வோல்டேஜையும் கரண்டையும் அளந்து வகுப்பதுதான் சரியான வழி. ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே குண்டு பல்புகள் ஃபியூஸ் ஆனதற்கும் இதுதான் காரணம். ஆறிக் கிடக்கும் இழையில் அந்த நொடி பாயும் கரண்ட் பல மடங்கு.

இந்தக் கணக்கைக் காவிரியின் மேல் வைத்துப் பார்த்தவர்கள் முதலில் மைசூர்க்காரர்கள். 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு 147 கிலோமீட்டர் கம்பி இழுத்த கதையைத் தொடரின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டது, பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் நின்று நடத்தியது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்று. அவர்கள் ஏன் 35,000 வோல்ட் என்ற, அந்தக் காலத்துக்கு மிரட்டலான அழுத்தத்துக்குப் போனார்கள் என்பதை அன்று விளக்கவில்லை. இப்போது போட்டுப் பார்க்கலாம்.

அனுப்ப வேண்டியது 3,000 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றும் வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் அளவு. 147 கிலோமீட்டருக்கு ஒரு கம்பியின் தடை 51 ஓமுக்குக் கொஞ்சம் மேலே வரும். மூன்று ஃபேஸ் என்பதால், திறனை வோல்டேஜாலும் 1.732-ஆலும் வகுத்தால் கரண்ட். 35,000 வோல்ட்டில் அது சுமார் 50 ஆம்பியர். 50-ஐ 50-ஆல் பெருக்கி, தடையால் பெருக்கி, மூன்று கம்பிக்கும் சேர்த்தால் வழியில் போவது 380 கிலோவாட் அளவு. எட்டில் ஒரு பங்கு நஷ்டம், தாங்கலாம். இதையே 2,200 வோல்ட்டில் அனுப்பப் பார்த்தால் கரண்ட் 790 ஆம்பியர் ஆகிறது. கம்பி சாப்பிடும் கணக்கைப் போட்டால் 95,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அனுப்ப நினைத்ததே 3,000 தான். அதாவது அப்படி ஒரு மின்தடம் இருக்கவே முடியாது. 16 மடங்கு வோல்டேஜ் ஏற்றினால் நஷ்டம் 16 மடங்கு குறையவில்லை, 250 மடங்கு குறைகிறது. ஜூலின் தண்ணீர்க் குடுவையில் கண்ட வர்க்கம் கோலார் சுரங்கத்துக்கு வெளிச்சம் போட்டது இப்படித்தான்.

மேட்டூரிலிருந்து காரைக்கால் கரைக்கு வான்வழியாக அளந்தாலே 240 கிலோமீட்டர். 1962-ல் நெய்வேலியில் முதல் அனல்மின் எந்திரம் ஓடத் தொடங்கியதும் இந்தத் தூரம் நூறு கிலோமீட்டருக்குள் சுருங்கியது. உயர் அழுத்தக் கம்பிகளில் நஷ்டம் கட்டுக்குள் இருந்தது. உண்மையான தொல்லை அங்கே இல்லை. ஊர் எல்லையில் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை 415-க்கு இறக்கிய பிறகு, வயல் நடுவே போகும் கடைசிக் கிலோமீட்டரில்தான் இருந்தது. காவிரித் தண்ணீர் பொய்த்த ஆண்டுகளில் போர் போட்டு மோட்டார் வைத்த ஒவ்வொரு விவசாயியும் அதைப் பட்டறிவால் தெரிந்தவர்.

5 எச்.பி. மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட், ஏழரை ஆம்பியர் என்று போட்டிருக்கும். வயல்களில் இழுத்திருக்கும் அலுமினியக் கம்பியில் ஒரு ரகம், 2.59 மில்லிமீட்டர் இழைகள் ஏழு சேர்த்து முறுக்கியது, நடு இழை எஃகு. அதன் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஐந்து மோட்டார் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று வைப்போம். ஒவ்வொரு ஃபேஸிலும் 37.5 ஆம்பியர். கம்பியில் விழும் வோல்டேஜ் 37.5 × 0.9, அதாவது 34 வோல்ட். 415-ஐ 1.732-ஆல் வகுத்தால் ஃபேஸுக்கு 240. அங்கே 240 புறப்பட்டால் 206 தான் வந்து சேரும். வழியில் வெப்பமாகப் போகும் திறன் 37.5 × 37.5 × 0.9 × 3. போட்டால் 3,800 வாட். 5 எச்.பி. என்பது 3,730 வாட். ஐந்து மோட்டார் தண்ணீர் இறைக்க, ஆறாவது மோட்டார் இறைக்க வேண்டிய சக்தியைக் கம்பி குடித்துவிடுகிறது. மோட்டார் பத்தானால் நஷ்டம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு, 15 கிலோவாட்டுக்கு மேல். மோட்டாருக்கு வந்து சேரும் வோல்டேஜ் 415-லிருந்து 300-க்கு இறங்கிவிடும்.

300 வோல்ட்டில் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் கிராமத்துக் குடும்பங்களின் காசு போனது. அந்தக் கம்பியிலேயே ஓர் இஸ்திரிப் பெட்டி இருந்தால் அதற்குக் கிடைப்பது ஃபேஸுக்கு 173 வோல்ட். 173-ஐ 173-ஆல் பெருக்கி 53 ஓமால் வகுத்தால் 565 வாட் சொச்சம். 1,000 வாட் பெட்டி பாதிச் சூடுதான் ஏறும். கெடுதல் ஒன்றுமில்லை, துணி தேய்க்க நேரமாகும். மோட்டார் அப்படி விட்டுக்கொடுக்காது. பம்பு கேட்கும் வேலையை அது எப்படியாவது செய்யப் பார்க்கும், வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுக்கும். ஏழரை ஆம்பியர் இழுத்தது பத்தரை ஆம்பியர் அளவுக்கு ஏறும். காயிலில் பிறக்கும் சூடு அதன் வர்க்கப்படி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வார்னிஷ் கருகி வாடை வரும். விடிந்தால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்கு ஓட வேண்டும். கரண்ட் குறைவாக வந்ததால் எரிந்துபோச்சு என்று சொன்னால் பட்டணத்துக்காரர்கள் நம்பமாட்டார்கள். குறைவாக வந்தது வோல்டேஜ், கூடுதலாக ஓடியது கரண்ட். டெல்டா கிராமங்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஊர் தூங்கும்போது மற்ற மோட்டார்கள் நின்றிருக்கும், வோல்டேஜ் ஏறியிருக்கும்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. கம்பியும் கம்பியும் சேரும் இடத்தை, லைன்மேன்கள் ஜம்பர் என்று சொல்லும் இணைப்பை, இந்தக் காற்று அரித்துக்கொண்டே இருக்கும். அரிப்பால் அந்த ஒரு முடிச்சில் பத்தில் ஒரு ஓம் தடை கூடிவிட்டது என்று வையுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். 40 ஆம்பியர் ஓடும்போது 40 × 40 × 0.1, அதாவது 160 வாட், கட்டைவிரல் அளவு இடத்தில். இரவில் கம்பத்தில் ஒரு புள்ளி செக்கச்செவேல் என்று ஒளிர்வதைப் பட்டினச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அது நெருப்புப்பொறி அல்ல, ஜூல் சொன்ன வெப்பம். சீக்கிரமே ஜம்பர் அறுந்து ஒரு ஃபேஸ் போய்விடும், இரண்டு ஃபேஸில் ஓடும் மோட்டார்கள் வரிசையாகக் காயிலை இழக்கும். உப்பு படிந்த முடிச்சைக் கம்பமேறித் தேய்த்து, இறுக்கி, மாற்றி வைக்கும் மின்துறைத் தொழிலாளிகள் இந்த வரலாற்றின் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள். எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

இனி, இந்த ஊரையே மாற்றிய திருப்பத்துக்கு வருகிறேன். திருமலைராயன்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது நரிமணம். காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்த இடங்களில் பேர்பெற்றது. அந்த எண்ணெயை நம்பித்தான் 1993-ல் நாகப்பட்டினம் அருகே சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதே 1993-ல் புதுச்சேரி அரசு தன் சொந்த மின் உற்பத்திக் கழகத்தைப் பதிவு செய்தது. திருமலைராயன்பட்டினம் போலகத்தில் எரிவாயு மின்நிலையம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. மொத்தத் திறன் 32.5 மெகாவாட்.

இந்த 32.5 இரண்டு துண்டாக வருகிறது. எரிவாயுவை எரித்து நேரடியாகச் சுழலும் டர்பைன் 22.9 மெகாவாட். அதிலிருந்து வெளியேறும் புகை இன்னும் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதை வானத்தில் விடாமல் கொதிகலனுக்குத் திருப்பி, நீராவி உண்டாக்கி, இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகிறார்கள். அது 9.6 மெகாவாட். ஒரே எரிவாயுவுக்கு இரண்டு முறை வேலை. நிற்காமல் ஆண்டு முழுதும் முழுத் திறனில் ஓடினால் 28 கோடியே 47 லட்சம் யூனிட் என்பது கணக்கு. பராமரிப்பு, எரிவாயு வரத்து இரண்டையும் பொறுத்து நிஜத்தில் அதற்குக் கீழேதான் வரும்.

முதல் எந்திரத்தை நாம் பழகிய கணக்கில் வைப்போம். 22.9 மெகாவாட்டை 11,000 வோல்ட்டில், பவர் ஃபாக்டர் (வோல்டேஜும் கரண்டும் பெருகி வருவதில் உண்மையான திறனாகும் பங்கு) 0.8 என்று எடுத்துக்கொண்டால் கரண்ட் 1,500 ஆம்பியர். அதையே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 1,10,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 150 ஆம்பியர். பத்தில் ஒரு பங்கு கரண்ட், அதே கம்பியில் நூறில் ஒரு பங்கு நஷ்டம். சிவசமுத்திரத்தில் செய்ததேதான். ஆனால் இங்கே கம்பி போக வேண்டிய தூரம் 147 கிலோமீட்டர் அல்ல. காரைக்கால் பகுதி முழுவதையும் ஒரு சைக்கிளில் அரை நாளில் சுற்றிவிடலாம். சூத்திரத்தில் கரண்டைக் குறைப்பது ஒரு வழி, தடையைக் குறைப்பது இன்னொரு வழி. உற்பத்தியை ஊருக்குள்ளேயே கொண்டுவந்தால் கம்பியின் நீளம் சுருங்கி, தடையும் சுருங்குகிறது. 1826-ல் 130 அங்குலக் கம்பியைக் கழற்றிவிட்டு 2 அங்குலக் கம்பியை மாட்டினாரே ஓம், அவர் செய்த வேலையைத்தான் போலகத்தில் மின்நிலையம் கட்டியவர்கள் செய்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. காரைக்காலின் தேவை முழுவதையும் 32.5 மெகாவாட் தீர்க்காது. மீதி வெளியிலிருந்து கம்பி வழியாகத்தான் வருகிறது. புதுச்சேரியின் மற்ற பிராந்தியங்களில் மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் மின்சாரத்துக்காகப் பார்த்திருக்கின்றன. புயல் அடித்துக் கம்பம் சாய்ந்தால் பக்கத்திலேயே மின்நிலையம் இருந்தும் விளக்கு எரியாது என்பதை 2018 நவம்பரில் கஜா இந்தக் கடற்கரைக்குக் காட்டியது. பூமிக்கடியில் இருக்கும் எரிவாயுவும் தீராதது அல்ல. இருந்தும் என் தீர்ப்பில் மாற்றமில்லை. புதுச்சேரி அரசு மின்சாரத்துக்காக எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது, நான்கு பிராந்தியங்களிலும் காரைக்காலைத் தேர்ந்து, அதிலும் எரிவாயுக் கிணறுகளின் வாசலில் இருக்கும் இந்த ஊரைத் தேர்ந்தது. தண்ணீருக்குக் கடைமடையாக இருக்கும் ஊர், மின்சாரத்துக்குத் தலைமடையாக மாறியது அந்த ஒரு முடிவால்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெல்டாவில் பம்புசெட் வைத்திருப்பவர்கள், பழக்கமான எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எல்லார் மோட்டாரும் ஓடும் நேரத்தில் ஒரு தடவையும் ராத்திரியில் ஒரு தடவையும் மல்டிமீட்டரில் வோல்டேஜையும் டாங்ஸ் டெஸ்டரில் கரண்டையும் அளந்து பாருங்கள். அனுபவமில்லாதவர்கள் ஸ்டார்ட்டர் பெட்டியில் கைவைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தூரம், அந்தக் கம்பியில் எத்தனை மோட்டார் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் கம்பி குடிக்கும் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். அடுத்த இதழில் நரிமணம்.